முக்காலனுக்கு ஞாயிறன்று நாலு கால்

அவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் கேட்டிருப்பீர்கள். லிஃப்டில் ஏறினால் "கதவு மூடுகிறது" என்று ஒரு பெண் குரல் சொல்லுமே, அது அவள்தான். பேங்குக்கு போன் போட்டால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று சொல்லிவிட்டு இருபது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காயவிடுவார்களே, அந்தப் பாவத்திலும் அவளுக்குப் பங்கு உண்டு. அவள் கணவனே எத்தனையோ தடவை போனில் அவளிடம் மாட்டிக்கொண்டு, "அடியேய், யாராவது ஆளைக் கூப்பிடுடி!" என்று கத்தியிருக்கிறான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே சிரிப்பாள்.

அதெல்லாம் சில்லறை வேலை. அவளுடைய சரியான தொழில் புத்தகம் வாசிப்பது. கண் தெரியாதவர்கள், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள், படிக்கச் சோம்பல் படுகிறவர்கள் எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற ஒலிப்புத்தகம். பதினெட்டு வருஷத்தில் முந்நூறு புத்தகத்துக்கு மேல் வாசித்துத் தள்ளிவிட்டாள்.

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான். ஒன்றில் கம்ப்யூட்டர். இன்னொன்று பீரோவைவிடக் கொஞ்சம் பெரிய கூண்டு. சுவரெல்லாம் பஞ்சு, தரையில் கம்பளம், நடுவே ஒரு நாற்காலி, ஒரு மைக். இரண்டுக்கும் இடையில் கண்ணாடி. உள்ளே மின்விசிறி கிடையாது, வளையல் கூடாது, மொடமொடவென்று சத்தம் போடும் துணி உடுத்தக் கூடாது. வயிறு காலியாக இருந்தால் அது உறுமுவதும் மைக்கில் விழும் என்பதால் பதினோரு மணிக்கு இரண்டு பிஸ்கட் கட்டாயம். கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால், ராஜா கதையோ பேய்க் கதையோ, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளனுக்குப் பெற்றோர் வைத்த பேர் என்னவோ, அங்கே எல்லோரும் கூப்பிடுவது 'இன்னொருதரம்'. முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள். எத்தனை நன்றாக வாசித்தாலும் ஏதாவது ஒரு நொட்டை கண்டுபிடித்து, "இன்னொரு தரம்க்கா" என்பான். வாசிக்கிறவர் தப்பு விட்டால் ஒரு முறை கை தட்ட வேண்டும். அவன் திரையில் ஓடும் கோட்டில் அந்தத் தட்டல் மட்டும் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு அவன் முள் இருக்கும் இடமாகத் தேடிப்போய்த் தப்பை வெட்டி எறிவான். தட்டல் இல்லையென்றால் தப்பு இல்லை என்று அர்த்தம். அங்கே அதுதான் சட்டம்.

மற்ற வாசிப்பாளர்கள் முந்தின நாளே புத்தகத்தை முழுக்கப் படித்து, எங்கே அழ வேண்டும், எங்கே அதட்ட வேண்டும் என்று கோடு போட்டுக்கொண்டு வருவார்கள். இவள் ஒரு பக்கம்கூட முன்கூட்டிப் புரட்ட மாட்டாள். "அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரிஞ்சிட்டா, கேக்கறவங்களுக்கும் தெரிஞ்சிடும் தம்பி" என்பாள். ஒரு கொலைக் கதையில், விஷம் வைத்தது வீட்டு டாக்டர்தான் என்ற வரி வந்ததும் மைக்கிலேயே "அடப்பாவி!" என்று அலறிவிட்டாள். அதற்கும் கை தட்ட மறந்துபோனாள். இன்னொருதரம் அதை வெட்டாமல் விட்டுவிட்டான். அந்தப் புத்தகம்தான் இன்றுவரை அதிகம் விற்கிறது.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவர் ஒன்பது வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவள்தான் அவருக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துக் காட்டினாள். பேப்பர், கதை, மருந்துச் சீட்டு, கரண்ட் பில், எதையும் விடவில்லை. "நீயும் முன்னாடி பாக்காதம்மா. ரெண்டு பேரும் சேர்ந்தே அதிர்ச்சியாவோம்" என்பார் அவர். அப்படி வளர்ந்த குரல்தான் பின்னால் அவளுக்குச் சோறு போட்டது. ஊரில் அவளுக்கு அதனால் ஏக மரியாதை. பெற்ற அப்பாவை இப்படிப் பார்த்துக்கொண்ட மகள் யாருக்கு வாய்ப்பாள் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டு ஒரு புது வேலை கொடுத்தாள்.

"மாயக் கதைம்மா. பதிமூணு, பதினாலு வயசுப் பிள்ளைங்க படிக்கிறது. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, எப்பப் பாரு போட்டி. யாரும் பாக்காத மிருகமா வருது. மொத்தம் இருபத்து நாலு அத்தியாயம். எழுதினவங்க உங்க குரல்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க."

"யாரு எழுதினது?"

"புது ஆளு. ஏதோ புனைபெயர். ஒரே ஒரு நிபந்தனை. தினம் வாசிச்சதை அன்னைக்கு சாயங்காலமே அவங்களுக்கு அனுப்பணுமாம். கேட்டுட்டு 'சரி' சொன்னாத்தான் அது முடிஞ்ச கணக்கு."

அவளுக்கு ஒரே சந்தோஷம். மூன்று மாதமாகப் பணக்காரர் ஆவது எப்படி, ஒல்லியாவது எப்படி என்று வாசித்து வாசித்து நாக்கு வறண்டு கிடந்தது. பதின்மூன்று வயது மகள் கேட்டதும் பொறாமையில் குதித்தாள். "அநியாயம்மா! இந்த மாதிரிக் கதையெல்லாம் எனக்கில்ல குடுக்கணும்!"

முதல் நாள். மலை வாசலைக் காக்கும் காவலன் ஒருவன். மனைவி இல்லை. இரண்டு மகள்கள். ஒற்றைப்படை அத்தியாயங்களில் மூத்தவள் கதை சொல்கிறாள், இரட்டைப்படையில் இளையவள். யார் அதிகம் மிருகங்களைப் பழக்குவது என்று இருவருக்கும் போட்டி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூத்தவளுக்குக் கொஞ்சம் கனமான குரல் வைத்துக்கொண்டு ஆறாவது பக்கத்துக்கு வந்தாள்.

"படிக்கட்டுக்கு அடியில் முக்காலன் குடியிருந்தது. அதற்கு மூன்று கால்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்காவது கால் முளைக்கும். அன்றைக்கு அதற்கு நடக்கத் தெரியாது."

வாய் வாசித்து முடித்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த டேப்லெட் மடியில் விழுந்தது.

"என்னக்கா, பூச்சி ஏதும் கடிச்சிடுச்சா? இன்னொரு தரம்."

முக்காலனை இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருத்தி அவள் தங்கை.

அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது குடியிருந்தது இரண்டாம் மாடியில். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா வேலைக்குப் போனதும் இரண்டு பேரும்தான் வீட்டில் ராஜ்ஜியம். யார் முதலில் குளிப்பது, யார் தட்டில் கடைசி வாய் மிஞ்சுவது, யார் பல் முதலில் விழுவது, எல்லாவற்றிலும் போட்டி. குளியலறைக் கதவுக்குப் பின்னால் கரியால் புள்ளி வைத்துக் கணக்கு வேறு. சண்டை போடாத நேரத்தில் மிருகங்களை உண்டாக்கினார்கள். படிக்கட்டுக்கு அடியில் முக்காலன். சாவித் துவாரத்தில் சுருண்டு படுத்திருக்கும் பூட்டுத்தின்னி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஈரவாலி. எது போட்டாலும் ஈரவாலி விழுங்கிக்கொள்ளும், யாரிடமும் சொல்லாது. இதை யாரிடமாவது சொன்னால் நாக்கு கறுத்துப்போகும் என்று சத்தியம் செய்திருந்தார்கள்.

அப்படியானால் எழுதியவள் அவள்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, அக்கா மகளின் பிறந்தநாளுக்கு மட்டும் போன் செய்து நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிற தங்கை. பதினேழு வயதில் ஹாஸ்டலுக்குப் பெட்டி தூக்கியவள் அப்புறம் வீடு தங்கவே இல்லை. அப்பா சாவுக்கு வந்தவள்கூட வாசலோடு நின்றுவிட்டுப் போய்விட்டாள். ஏன் அப்படி இருக்கிறாள் என்று உறவுக்காரர்கள் கேட்டால் இவள் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவாள். ஏன் என்று தனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள்.

அதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அப்போது வயது பதின்மூன்று, தங்கைக்குப் பதினொன்று. ஒரு நாள் இவள் அடுப்பை அணைக்காமல் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அப்பா திட்டவில்லை. வீட்டுச் சாவியை இவளிடமிருந்து வாங்கித் தங்கையிடம் கொடுத்தார், அவ்வளவுதான். "சின்னவதான் பொறுப்பு" என்று ஒரு வார்த்தையும் சொன்னார். தங்கை அந்தச் சாவிக்கு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் தொட்டுத் தொட்டுப் பார்த்து இவளைக் கடுப்பேற்றினாள். இவளுக்கு உள்ளே பற்றி எரிந்தது. நாலாம் நாள், மணி அடித்த சந்தடியில் தங்கையின் பையிலிருந்து சாவியை எடுத்தாள். தங்கைக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி வந்து, மொட்டைமாடிக்கு ஏறி, தொட்டி மூடியைத் தள்ளி, உள்ளே போட்டாள். ஈரவாலி விழுங்கிக்கொண்டது. சின்னவள் நன்றாகத் திட்டு வாங்கட்டும், பொறுப்பு யாருக்கு என்று தெரியட்டும் என்ற ஒரே எண்ணம்தான்.

அப்பா ஐந்து மணிக்கு வந்தபோது இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை மூன்று முறை பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அப்பா அவள் தலையைத் தடவி, "சாவிதானேம்மா, போனாப் போகுது" என்றார். லிஃப்ட் குழிக்குள் தொங்கியே பழகியவருக்கு இரண்டாம் மாடி ஒரு உயரமா? பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஏற ஆரம்பித்தார். பால்கனிக்கு ஒரு முழம் இருக்கும்போது குழாயைச் சுவரோடு பிடித்திருந்த இரும்பு பிடுங்கிக்கொண்டது. அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை.

சாவியைத் தொலைத்த பொண்ணு என்று தங்கைக்குப் பேர் வந்துவிட்டது. அத்தை அவள் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்வாள். இவள் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் தொட்டி கழுவ வந்தவர் துருப்பிடித்த சாவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரோடதும்மா இது?" என்று இவளைத்தான் கேட்டார். "தெரியாதுங்க" என்றாள். அவர் அதைக் குப்பையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா போன சமயத்தில் தங்கை எப்படியோ அதைக் கண்டுபிடித்துவிட்டாள், அதனால்தான் மூஞ்சி கொடுத்துப் பேசுவதில்லை என்று இத்தனை வருஷமாக இவள் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது இருபத்து நாலு அத்தியாயம் எழுதி, இவள் குரல்தான் வேண்டும் என்று அடம்பிடித்து அனுப்பியிருக்கிறாள். எதற்காக? இவள் வாயாலேயே இவள் செய்ததைச் சொல்ல வைக்கத்தானே? ஊரெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்கத்தானே?

"அக்கா, உடம்புக்கு முடியலைன்னா நாளைக்கு வச்சுக்கலாம்."

"ஒண்ணுமில்ல தம்பி. தொண்டை கட்டிக்கிச்சு. போடு."

ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம். எட்டு நாள் அப்படியே ஓடியது. சாயங்காலம் ஒலிக் கோப்பு போகும், அரை மணி நேரத்தில் "சரி" என்று ஒரு வார்த்தை வரும். அதற்கு மேல் ஒரு எழுத்து வராது. இன்னொருதரம் அதைப் படித்துவிட்டு, "இவங்க வார்த்தைக்குக் காசு குடுக்கறாங்க போல" என்று கிண்டல் அடிப்பான். அவளால் சிரிக்க முடியவில்லை.

புத்தகத்தில் மூத்தவளைத் தூக்கி வைத்து எழுதியிருந்தாள் தங்கை. மூத்தவளுக்குப் பயமே கிடையாது. பூட்டுத்தின்னிக்குத் தன் வெள்ளிக் கொலுசையே ஊட்டிவிட்டு இளையவளைக் காப்பாற்றுகிறாள். பனிப் பறவை கொத்த வரும்போது குறுக்கே நிற்கிறாள். இப்படி ஒரு பக்கம் விடாமல் புகழ்ச்சி. வாசிக்க வாசிக்க இவளுக்கு உதறல் கூடியது. இத்தனை உயரத்துக்குத் தூக்குகிறாள் என்றால் போட்டு உடைக்கத்தானே தூக்குகிறாள்?

விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், டேப்லெட்டில் மீதிக் கதை முழுக்க இருக்கிறது. பார்த்துவிடலாம். பழக்கம் என்று அவள் வெளியே சொல்லிக்கொண்டாள். உள்ளபடிக்கு அந்த எட்டு நாளும் அவள் பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் பயம்தான். வீட்டில் மகள் தொணதொணத்தாள்.

"அம்மா, கடைசில யாரும்மா ஜெயிக்கிறா? அக்காவா, தங்கச்சியா?"

"தெரியாதுடி."

"நீ எந்தப் பக்கம்?"

"போய்ப் பல்லைத் தேய்" என்று எரிந்து விழுந்தாள். மகள் திடுக்கிட்டுப் போனாள். அம்மா அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை.

ஒன்பதாம் நாள் காலை, பதினேழாவது அத்தியாயம். மூத்தவள் சொல்லும் முறை. முதல் வரியிலேயே காவலன் மலை வாசலின் சாவியை மூத்தவளிடமிருந்து வாங்கி இளையவளிடம் கொடுத்தான். இளையவள் சாவியைத் தங்கச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள். ஒரு நாள் அது காணாமல் போகிறது. வாசல் திறக்கவில்லை. காவலன் சிரித்தபடியே மதிலில் ஏறுகிறான். மதிலின் கல் ஒன்று பெயர்கிறது.

அவள் குரல் நடுங்கியது. அது நல்லதாகப் போயிற்று, கதைக்குப் பொருந்தியது. கண்ணாடிக்கு அப்பால் இன்னொருதரம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

"காவலன் விழுந்தான். சாவியைத் தொலைத்தவள் என்று மலைநாடே என் தங்கையைத் தூற்றியது. நான் ஒன்றும் பேசவில்லை. என் மௌனத்தை அவள் கோபம் என்று நினைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்க அஞ்சியே அவள் நாட்டைவிட்டுப் போனாள்."

வாசிப்பவர்களின் கண் எப்போதும் வாயைவிட அரை வரி முன்னால் ஓடும். அது தொழிலில் தானாக வந்துவிடுவது. அவள் கண் அடுத்த வரிக்குப் போனது. போய் அங்கேயே நின்றுவிட்டது.

'தங்கையே, சாவியைத் தொலைத்ததற்காக உன்னை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.'

அவள் மறுபடி பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள். எழுத்து மாறவில்லை.

அட கடவுளே! தங்கைக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது. தான்தான் தொலைத்தோம் என்று இருபத்தெட்டு வருஷமாக நம்பிக்கொண்டு, அக்கா தன்னை வெறுக்கிறாள் என்று பயந்துகொண்டு, எங்கோ ஒரு ஊரில் தனியாகக் கிடந்திருக்கிறாள். அக்காவின் குரலில் "மன்னித்துவிட்டேன்" என்ற ஒரு வார்த்தையைக் கேட்பதற்காக இத்தனை மிருகங்களையும் மலையையும் கட்டி எழுப்பி, காசு கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். இவளுக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. தான் மாட்டிக்கொள்வோம் என்று பயந்த எட்டு நாளையும் நினைத்து அவளுக்கே அவளைக் கண்டு அருவருப்பாக வந்தது.

வாசித்துவிட்டால் முடிந்தது. இந்த ஒரு வரியை அழகாக, தழுதழுத்து வாசித்துவிட்டால் சாயங்காலம் "சரி" வந்துவிடும். தங்கைக்கு நிம்மதி. இவளுக்கும் இனிமேல் ஒரு பயமும் இல்லை. அடுத்த பிறந்தநாளுக்கு நேரிலேயே வந்தாலும் வருவாள்.

"அக்கா?" என்றான் இன்னொருதரம்.

பதினெட்டு வருஷத்தில் அவள் பிரதியில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்ததில்லை, அந்த ஒரு "அடப்பாவி"யைத் தவிர. மைக்குக்குக் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்தாள். மூத்தவளின் கனத்த குரலிலேயே தொடங்கினாள்.

"தங்கையே, சாவியை நீ தொலைக்கவில்லை. உன் பையிலிருந்து நான் எடுத்தேன். சிவப்பு ரிப்பன் கட்டிய சாவி. அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நான்தான் போட்டேன்."

பாதியில் மூத்தவளின் குரல் கழன்று விழுந்துவிட்டது. மீதியைச் சொன்னது அவளுடைய சொந்தக் குரல். வீட்டில் மட்டும் பேசுகிற குரல்.

"நீ திட்டு வாங்கணும்னு நினைச்சேன்டி. வேற எதுவும் நினைக்கல. அப்பா குழாயைப் பிடிச்சு ஏறினப்போ சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். சத்தம் வரல. அப்புறம் சொல்லவே இல்ல. தொட்டி கழுவ வந்தவர் சாவியைக் காட்டிக் கேட்டாரு. அப்பவும் தெரியாதுன்னுட்டேன். உன்னை மன்னிக்க நான் யாரு?"

இன்னொருதரம் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிரதியைப் பார்த்தான். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். முள்ளுக்காகக் காத்திருந்தான். முள் வரவில்லை.

"கை தட்டுங்கக்கா" என்றான் மெதுவாக. "வெட்டிடறேன்."

"தட்ட மாட்டேன்."

"அக்கா, இது பிரதியிலயே இல்லையே."

"இல்ல."

"முதலாளியம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் தொலைச்சுக் கட்டிடுவாங்க. வேற யாரையாவது வச்சு முதல்ல இருந்து வாசிக்க வைப்பாங்க."

"வைக்கட்டும். இன்னைக்கு இதை அப்படியே அனுப்பிடு தம்பி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் வெளியே போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒலிக் கோப்பை அனுப்பினான்.

அன்றைக்கு "சரி" வரவில்லை. மறுநாளும் இல்லை. முதலாளியம்மா இரண்டு முறை போன் போட்டு, "என்ன ஆச்சு அந்த அம்மாவுக்கு?" என்றாள். இன்னொருதரம், "நெட்டு சரியில்லைங்க" என்று புளுகினான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எந்த போன் அடித்தாலும் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மதியம், ஸ்டூடியோவுக்கு ஏறும் வழியில், பாதிப் படிக்கட்டில் போன் அடித்தது. தங்கையின் பேர் திரையில் வந்தது. பிறந்தநாளுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டேன்" என்றாள் தங்கை.

"ம்."

"எத்தனை தரம் கேட்டேன்னு எனக்கே தெரியல." குரல் கரகரத்தது. "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லல."

"அவர் போறதுக்கு முந்தின மாசம் வந்திருந்தேன். அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு, என்னாலதானேப்பான்னு கதறினேன். அப்ப நீ கதவுகிட்ட நின்னே. கையில கஞ்சி டம்ளர் இருந்துச்சு."

"ஆமா."

"கேட்டுட்டு இருந்தே."

"ஆமாடி."

தங்கை திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது இவளுக்கு.

"என் வீட்டுக்கு மூணு சாவி வச்சிருக்கேன்க்கா. ஒண்ணு கழுத்துல, ஒண்ணு ஆபீஸ்ல, ஒண்ணு பக்கத்து வீட்டுல. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. நானும் சிரிச்சுக்குவேன். உன் வாயால அந்த ஒரு வரியைக் கேட்டுட்டா போதும்னுதான் இந்தப் புத்தகத்தையே எழுதினேன். அஞ்சு வருஷம் எழுதினேன்."

"என்னை மன்னி..."

"சொல்லாதே!" தங்கை கத்தினாள். டயர் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு போனிலிருந்து சத்தம் வந்தது. "அந்த வார்த்தையை இப்ப சொல்லாதே. எனக்குக் கேக்கப் பிடிக்கல."

அவள் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை கேட்டாள்.

"மீதி ஏழு அத்தியாயத்தைப் பாத்தியா?"

"இல்ல. நான் முன்னாடி படிக்க மாட்டேன்."

"தெரியும். சின்ன வயசுல இருந்தே கேட்டிருக்கேனே. பாக்காத. ஏழு அத்தியாயமும் அந்தச் சின்னவ ஒவ்வொரு மிருகத்துக்கிட்டயும் போய்த் தண்டனை கேக்கறா. முக்காலன்கிட்ட, பூட்டுத்தின்னிகிட்ட, கடைசில அக்காகிட்ட. அத்தனையையும் அழிச்சிட்டேன். உங்க ஆபீஸுக்கும் சொல்லிட்டேன்."

"அப்போ புத்தகம்?"

"பதினேழாவதுல நீ சொன்னதே இருக்கட்டும். ஒரு எழுத்தை மாத்தக் கூடாது. மீதியை நான் மறுபடி எழுதறேன். இந்தத் தடவை சாவியை யாரு எடுத்தான்னு தெரிஞ்சே எழுதறேன்." அவள் குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் இவளை அதிகம் பயமுறுத்தியது. "அந்த அக்காக்காரியை என்ன பண்ணப் போறேன்னு எனக்கே இன்னும் தெரியல. எழுத எழுத அனுப்புவேன். நீதான் வாசிக்கணும். வேற யாரும் வாசிக்கக் கூடாது."

"வாசிக்கிறேன்."

"என்ன எழுதினாலுமா?"

"என்ன எழுதினாலும்."

"நடுவுல நிறுத்தாம? கை தட்டாம?"

"தட்ட மாட்டேன்டி."

போன் வைக்கப்பட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். தங்கை ஆபீஸுக்கு அனுப்பிய கடிதத்தை இன்னொருதரம் அவளுக்கு முன்பே படித்துவிட்டிருந்தான். கூண்டுக் கதவைத் திறந்துவிட்டான். அவள் உள்ளே போய், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பதினெட்டாவது அத்தியாயம் என்று தலைப்பு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் வரவில்லை.